இடம் விடு

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி ஜனவரியிலிருந்து பீரோவில் சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் கொடுத்தது. இன்றிலிருந்து எழுதப் போகிறேன். நாளைக்கு யாராவது வந்து நீ அப்படிச் சொன்னாய், இப்படிச் செய்தாய் என்றால் தேதியோடு எடுத்துக் காட்ட ஒன்று வேண்டும்.

விஷயம் இதுதான். கோயமுத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து தயாபரன் என்று ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். கம்ப்யூட்டர் ஆள். எங்கள் ஈரோடு டயாலிசிஸ் மையத்தின் முன்மேசையில் நான் உட்கார்ந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. எந்த நோயாளிக்கு எந்தக் கிழமை, எந்த மெஷின், எத்தனை மணி, யாருக்கு வண்டி அனுப்ப வேண்டும், எல்லாம் நான் போடுகிற அட்டவணைதான். அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. முப்பத்தொரு பட்டன். அதை எழுதிக் கொடுத்தவர் எப்போதோ துபாய் போய்விட்டார். இன்றைய தேதியில் அதன் குணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இனிமேல் அட்டவணையை ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கொள்ளுமாம். ஆள் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு, நாம் எழுதி வைத்ததைப் படித்துத் தானே பட்டன்களை அழுத்துமாம். அது படிப்பதற்கு ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். எழுத வேண்டியது நான்.

“அது இந்த ரூமைப் பாத்ததில்லைங்க மேடம்,” என்றார் தயாபரன். “மூணாம் நம்பர் மெஷின் எங்க இருக்குது, எந்த நோயாளி நடக்க முடியாதவர், ஒண்ணும் தெரியாது. நீங்க எழுதறதுதான் அதுக்குத் தெரிஞ்ச உலகம். கேள்வி கேக்கப் பக்கத்துல ஆளே இல்லாத ஒருத்தருக்கு எழுதற மாதிரி எழுதுங்க.”

“எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குங்க?”

சிரித்தார். சிரித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷர் சரியில்லை, மாற்றித் தரச் சொன்னேன்.

தயாபரன் ஒரு தாள் கொடுத்தார். ஒவ்வொரு பட்டனுக்கும் ஐந்து கேள்வி. இது என்ன செய்யும்? எப்போது அழுத்த வேண்டும்? எப்போது அழுத்தவே கூடாது? அழுத்துமுன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்? அழுத்தியபின் வேறு எங்கெல்லாம் என்ன மாறும்? கடைசிக் கேள்வியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். எதற்கு அந்தக் கோடு என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

நான்கு பட்டன் முடிந்தது.

இன்று செங்கோடன் வந்த நாள். அந்தியூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிராமம். அறுபத்தொரு வயது, செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி எங்கள் வண்டியில் வந்து நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருந்துவிட்டுப் போவார். கூடவே மனைவி பாவாயி வருவார். நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று செங்கோடனுக்குக் கட்டளை.

“மழை பேஞ்சாக்கூட அண்ணாந்து பாக்க விட மாட்டீங்கறாளுங்க இவ,” என்றார் என்னிடம்.

பாவாயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போகும்போது எப்போதும் கேட்பதைக் கேட்டார். “சனிக்கெழம இதே நேரந்தானுங்களா கண்ணு? போன்ல மெசேஜ் வருது. ஆனா நீங்க ஒருக்கா வாயில சொல்லிட்டாத்தான் எனக்கு நம்பிக்கை.”

சொன்னேன். தயாபரன் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். என்னத்தைக் கவனித்தாரோ.

ஜூன் 18, புதன்

இன்று என்னை மட்டம் தட்டினார்கள். நடந்தபடி எழுதுகிறேன்.

‘நிறுத்து’ என்று ஒரு பட்டன், ‘நீக்கு’ என்று ஒரு பட்டன். நிறுத்து என்றால் சில நாளைக்கு அட்டவணையை நிறுத்திவைப்பது. நீக்கு என்றால் நோயாளியின் பதிவையே எடுத்துவிடுவது. ‘நீக்கு’வுக்கு நான் எழுதியது: “நோயாளி வராதபோது பயன்படுத்தவும்.” தயாபரன் இதைச் சோதனைப் பிரதியில் ஏஜென்டிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஒருவர் மூன்று நாள் பழனிக்குப் போகிறார், என்ன செய்வாய் என்று கேட்டால், அது அவருடைய நான்கு வருடப் பதிவையும் அழித்துவிட்டது.

“மக்கு மெஷின்,” என்றேன்.

“மக்கு இல்லீங்க மேடம். நீங்க எழுதினபடிதான் செஞ்சுது. வராதபோதுன்னா இன்னிக்கு வராதபோதா, இனிமே வரவே போறதில்லைங்கறபோதா?”

இதை நர்ஸ் ரோஸ்லின் முன்னால் சொன்னார். ரோஸ்லின்தான் எங்கள் மையத்துக்குப் பொறுப்பு. தலையைக் குனிந்து சிரித்தது எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் அந்தப் பழனி உதாரணத்தை எடுத்திருக்க வேண்டும். போன மாதம் அப்படிப் பழனிக்குப் போன நோயாளி என் மாமியார் வகைச் சொந்தம் என்று ரோஸ்லினுக்குத் தெரியும்.

சாயங்காலம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். “நோயாளி இறந்துவிட்டாலோ, வேறு மையத்துக்கு நிரந்தரமாக மாறிவிட்டாலோ மட்டும். ஊருக்குப் போயிருந்தால் இதை அழுத்தக் கூடாது; ‘நிறுத்து’வை அழுத்தவும். அழித்தது திரும்பி வராது.” தயாபரன் படித்துவிட்டு, “இதுக்கு மேல யாரும் தெளிவா எழுத முடியாதுங்க,” என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. அதற்காக நான் மயங்கிவிடப் போவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இருபத்தேழாவது பட்டன். ‘இடம் விடு’. இப்படி எழுதினேன்: “ஒரு நோயாளிக்குக் கொடுத்திருக்கும் மெஷினையும் நேரத்தையும் காலியாக்கும். அதே நோயாளிக்கு வேறு நேரம் கொடுக்க வேண்டுமானால் அடுத்து ‘இடம் கொடு’வை அழுத்தவும்.” அவ்வளவுதான்.

தயாபரன் படித்தார். “இத அழுத்தினா வேற எங்கயாவது ஏதாவது மாறுமா? நீங்க கையால சரி பண்றது ஏதாவது இருக்குதுங்களா?”

இல்லை என்றேன்.

மேசை டிராயரில் எனக்கு ஒரு நோட்டு இருக்கிறது. பச்சை அட்டை. மென்பொருள் செய்கிற கோளாறுகளையும் அதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதையும் அதில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் எழுதியது முதல் பக்கத்தில் இருக்கிறது: ‘இடம் விடு’வை அழுத்தினால் வண்டிப் பட்டியலிலிருந்தும் அந்த நோயாளியின் பெயர் போய்விடும். புது நேரம் கொடுத்தாலும் பெயர் திரும்பி வராது. வண்டிப் பக்கத்துக்குப் போய் மறுபடியும் டிக் போட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

அவர் கேட்டது பட்டனைப் பற்றி. வண்டியைப் பற்றி அல்ல.

நோட்டை இன்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். டிராயருக்குப் பூட்டு இல்லை.

ஜூன் 27, வெள்ளி

நான் நினைத்தது சரிதான். மதியம் கை கழுவப் போனபோது மருந்து அறையில் ரோஸ்லினும் தயாபரனும் பேசிக்கொண்டிருந்தார்கள். “கோகிலாக்காவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாங்க சார். மொதல்ல ஆர்டர் கைக்கு வரட்டும்,” என்றாள் ரோஸ்லின். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. குளுக்கோஸ் பாட்டிலை எண்ணுவது போல நின்றாள்.

என்ன ஆர்டர்? என்னை அனுப்புகிற ஆர்டர். வேறு என்ன.

இவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். இவர் ஈரோடு–அந்தியூர் தடத்தில் கண்டக்டர். நாளெல்லாம் ஜனத்தோடு பேசிவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

“கேட்டுப் போடறதுதானே,” என்றார்.

“கேட்டா சொல்லிருவாங்களா?”

“நீ எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

“அப்புறம் என்ன? வேலைய ஒழுங்காச் செஞ்சவளுக்கு என்ன பயம்?”

இவரிடம் சொன்னதே தப்பு.

ஜூலை 2, புதன்

முப்பத்தொன்றும் முடிந்தது. கறிவேப்பிலைச் செடியில் பூச்சி. வேப்பெண்ணெய் அடித்தேன்.

ஜூலை 7, திங்கள்

ஏஜென்ட் இன்று முதல் வேலை பார்க்கிறது. தயாபரன் என் திரையைக் காட்டி விளக்கினார்.

“குறிப்புல இல்லாதத அது தானா யூகிச்சு எதையும் செய்யக் கூடாதுன்னு வெச்சிருக்கேங்க. சந்தேகம் வந்தா உங்க திரையில ஒரு கட்டம் வரும். அதுல கேள்வி இருக்கும். சரின்னா சரி, இல்லைன்னா இல்லை. அவ்வளவுதான்.”

ஆக, எனக்கு இனி வேலை கட்டத்துக்குப் பதில் சொல்வது. காலையிலிருந்து பதினேழு கேள்வி. ‘முகமது இஸ்மாயில் அவர்களும் எம். இஸ்மாயில் அவர்களும் ஒருவரா?’ ஒருவர்தான். ‘புதன் மாலை ஆறாம் மெஷினைக் கழுவ எவ்வளவு நேரம் விட வேண்டும்?’ நாற்பது நிமிடம். சின்னப் பிள்ளை மாதிரி நச்சரிக்கிறது.

ஜூலை 9, புதன்

தப்பே செய்யவில்லை. பெருந்துறைப் பெரியம்மா மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தை அது ஒரே நாளில் எப்படியோ நான்கு பேரை நகர்த்திக் கொடுத்துவிட்டது. அந்தம்மா என்னைத் தாண்டி ரோஸ்லினிடம் போய் நன்றி சொன்னார்.

ஜூலை 12, சனி

காலையில் ஆறாம் மெஷின் பழுது. ஏழு பேருடைய நேரம் மாறியது. ஏஜென்ட்தான் மாற்றியது. திரையில் கட்டம் மேல் கட்டமாக வந்துகொண்டே இருந்தது. ஒன்றை மூடினேன்.

மதியம் பாவாயி போன் செய்தார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். மிக்ஸியும் கிரைண்டரும் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போகிறது. எலக்ட்ரீஷியனை வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மையம் விடுமுறை. ஒன்றும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

செங்கோடனை விடியற்காலை அந்தியூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஈரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு. உடம்பில் நீர் ஏறி மூச்சுத் திணறல். சனிக்கிழமை அவருக்கு டயாலிசிஸ் நடக்கவில்லை. நேரத்தை மதியம் இரண்டுக்கு மாற்றி மெசேஜ் போயிருக்கிறது. பன்னிரண்டரைக்கு வண்டி வரும் என்று இரண்டு பேரும் ரோட்டில் நின்றிருக்கிறார்கள். வண்டி வரவில்லை. வண்டி ஓட்டுகிற மாதேஷுக்குப் போன பட்டியலில் செங்கோடன் பெயர் இல்லை.

நாலு மணிக்கு ரோஸ்லின்தான் கவனித்துப் போன் செய்திருக்கிறாள். எட்டு மணி வரை மெஷினை வைத்திருக்கிறேன், எப்படியாவது வாருங்கள் என்று. பஸ்ஸில் நிற்க அவரால் முடியாது. கிராமத்தில் ஒரு காரும் கிடைக்கவில்லை.

ஒன்றேகாலுக்குப் பாவாயி என்னிடம் பேசியது ரோஸ்லினுக்குத் தெரியாது.

எல்லோரும் மெஷினைத் திட்டுகிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து வீடியோவில் விசாரித்தார்கள். குறிப்பு எழுதியது யார்? நான். தெரிந்ததை எழுதினீர்களா? எழுதினேன். சோதித்தது யார்? தயாபரன் கையைத் தூக்கினார். அவருடைய சோதனைப் பிரதியில் வண்டிப் பட்டியலே இல்லையாம். அதனால் அங்கே இது தெரிய வழியில்லை. அதை அவரே சொன்னார். அரை மணி நேரம் அவரைப் பிடித்து உலுக்கினார்கள்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதினேன். எழுதத்தானே செய்தேன்.

ஜூலை 16, புதன்

ஏஜென்டை நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் நான்தான். வருகிறவர்கள் எல்லாம், “நீங்க இருந்தாத்தான் சரிங்க,” என்கிறார்கள். மாதேஷ் எனக்கு டீ வாங்கி வந்தான். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை.

டீ நன்றாக இருந்தது என்று எழுதுவதற்கு எனக்குக் கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

ஜூலை 19, சனி

ரோஸ்லின் வேலையை விடுகிறாள். மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை. நேற்றுத்தான் ஆர்டர் கைக்கு வந்ததாம்.

“உங்ககிட்ட மொதல்லயே சொல்லோணும்னுதாங்க்கா இருந்தேன். நீங்க நெம்ப வருத்தப்படுவீங்கன்னு கையில வர்ற வரைக்கும் சொல்லல. தயாபரன் சார்கிட்ட விண்ணப்பத்த இங்கிலீஷ்ல சரி பாக்கக் குடுத்தேன், அதனால அவருக்கு மட்டும் தெரியும்.”

மருந்து அறையில் கேட்டது இதுதான்.

ரோஸ்லின் அழுதாள். நானும் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கை என்னவோ மரக்கட்டை மாதிரி இருந்தது.

ஜூலை 21, திங்கள்

தயாபரன் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். ஏஜென்ட் ஒவ்வொரு நிமிடமும் என்ன செய்தது என்ற பதிவு. ஒரு இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். அப்படியே எழுதுகிறேன்.

“9.42. ஏஜென்ட்: செங்கோடன் அவர்களுக்கு ‘இடம் விடு’ அழுத்தப் போகிறேன். இவர் வண்டியில் வருபவர். வண்டிப் பதிவு இதனால் மாறுமா என்று குறிப்பில் இல்லை. மாறாது என்று எடுத்துக்கொள்ளலாமா?”

“9.42. முன்மேசை: கட்டம் மூடப்பட்டது.”

“9.43. ஏஜென்ட்: ‘இடம் விடு’ அழுத்தப்பட்டது.”

கேட்டிருக்கிறது. கேட்க வேண்டிய ஒரே கேள்வியை, கேட்க வேண்டிய ஒரே ஆளிடம்.

அடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு எதற்குப் பேசாமல் இருந்தார்? சமயம் பார்த்து எடுக்கத்தான் என்று நினைத்தேன்.

“இது என் தப்புங்கக்கா,” என்றார். மேடம் என்று சொல்லவில்லை. “கட்டத்த மூடினா அது சரின்னு எடுத்துக்கற மாதிரி அமைஞ்சிருந்துது. அத நான் உங்களுக்குச் சொல்லல. எங்கயும் எழுதவும் இல்ல. எல்லாரையும் எழுதுங்க எழுதுங்கன்னு சொல்லிட்டு, என்னோடத நான் எழுதல. தலைமை அலுவலகத்துக்கு இத எழுதிக் குடுத்துட்டேன். இந்த வேலையிலிருந்து என்னை எடுத்துருவாங்கன்னு நெனைக்கறேன்.”

“என்னப் பத்தி?”

“உங்களப் பத்தி என்ன எழுதறது? வண்டி விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா, இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. கேட்டேன், இல்லைன்னீங்க.” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “குறிப்புல அந்த வரிய இப்ப நானே சேத்துட்டேன். வர்ற திங்கக்கிழம இங்க மட்டுமில்லாம நம்ம ஆறு மையத்துலயும் ஓட விடப் போறாங்க. இது மாதிரி வேற ஏதாவது இருக்குதுங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க,” என்றேன்.

நோட்டில் இன்னும் ஒன்பது இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் வந்தார். சமையலறைக்குத் தனி வயர் இழுக்க வேண்டுமாம்.

ஜூலை 23, புதன்

மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றுதான் போனேன். செங்கோடனைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாக இருந்தது. பேச மூச்சு வரவில்லை. கையை லேசாகத் தூக்கினார்.

பாவாயி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

“வண்டி வரலீன்னதும் உங்களுக்குத்தானுங்க கண்ணு கூப்பிட்டேன். பாத்துச் சொல்றேன்னீங்க. நீங்க சொன்னீங்கன்னா சரியா இருக்கும்னு அங்கயே நின்னோம். இவரு ஆட்டோ ஏதாவது பாக்கலாமுன்னாரு. நாந்தான் வேண்டாமுன்னேன். கோகிலம்மா பாத்துச் சொல்றேன்னிருக்குது, கொஞ்சம் பொறுங்கன்னேன். ரெண்டு மணி வரைக்கும் ஒரு ஆட்டோ அந்தப் புளியமரத்தடியில சும்மாதான் நின்னுட்டிருந்துது. அப்புறம் அதும் போயிருச்சு.”

குறை சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல். “உங்களுக்கு வேலைல மறந்திருக்கும்,” என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

இப்போது எழுத வேண்டும். ஒன்றேகாலுக்கு அவர் போனை வைத்ததும் நான் வண்டிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். செங்கோடன் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வந்த மாதேஷ் அப்போது பவானியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான். ஒரு போன் போட்டிருந்தால் திரும்பியிருப்பான். நான் பக்கத்தை மூடினேன். மெஷின் செய்ததை மெஷினே பார்த்துக்கொள்ளட்டும், எல்லோருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். ஒரு தடவை டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. அதற்குள் யாராவது சரி செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என் கைக்கெட்டிய போன் அங்கேயே இருந்தது.

சனிக்கிழமை இதை எழுதாமல் மிக்ஸியைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

நோட்டைக் கொண்டுபோய்த் தயாபரனிடம் கொடுத்தேன்.

முதல் பக்கத்தைத் திருப்பினார். தேதியைப் பார்த்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி, என் கையெழுத்து. அதன்பின் அடுத்த பக்கம் போகவே இல்லை.

“இதெல்லாம் திங்கக்கிழமைக்குள்ள குறிப்புல ஏறோணுங்க சார்,” என்றேன். “மூணாவது பக்கத்துல இருக்கறது முக்கியம். ‘வாரம் நகல்’ அழுத்தினா, ரத்தம் மூலமா தொத்தற வியாதி இருக்கறவங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கற மெஷின் கணக்கு கலைஞ்சு போயிரும். நான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடியும் கையால சரி பண்ணுவேன்.”

அவர் போனைக் கையில் எடுத்தார். “அக்கா, இது மத்த மையத்துல…”

“அங்க இருக்கறவங்களும் அவங்கவங்க நோட்டுல வெச்சிருப்பாங்க. கேளுங்க. வெறுமனே கேட்டா சொல்ல மாட்டாங்க.”

இருவரும் உட்கார்ந்து ஒன்பதையும் எழுதினோம். அவர் கேட்டார், நான் சொன்னேன். அவர் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தினேன். மூன்று மணி நேரம் ஆனது.

முடிந்ததும், “இந்த நோட்ட நான் மறைக்க முடியாதுங்க,” என்றார்.

“மறைக்கச் சொல்லலீங்க.”

சனிக்கிழமை ஒன்றேகாலுக்கு நடந்ததையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டோடு வைத்தேன். அதை அவர் படித்தார். மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

ஜூலை 29, செவ்வாய்

தபால் வந்தது. விசாரணை முடியும்வரை பணி இடைநீக்கம். அதன்பின் முன்மேசை எனக்கு இல்லை. எங்கே என்பது பின்னால் தெரிவிக்கப்படும், அல்லது தெரிவிக்கப்படாது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

தயாபரனைப் பற்றி ரோஸ்லின் சொன்னாள். அவரை எடுக்கவில்லை. ஆனால் அவருக்கு மேலே ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் திங்கட்கிழமை ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது கட்டத்தை மூடினால், பதில் வரும்வரை எதையும் செய்யாமல் நிற்கிறதாம்.

இவரிடம் முழுவதையும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். “அந்தாளு அந்தப் புளியமரத்து ஸ்டாப்புலதான் நிப்பாரு. எனக்குத் தெரியும் அவர,” என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

செங்கோடன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இன்று போனேன். இவருடைய பஸ்ஸிலேயே போனேன். தயாபரனுக்குத் தெரியும், தலைமை அலுவலகத்துக்குத் தெரியும், தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

செங்கோடன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாவாயி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி வைக்கப் போனவரை இருங்கள் என்றேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொன்னேன். பட்டன், நோட்டு, கட்டம் எல்லாம் அவர்களுக்குப் புரியும்படி சொன்னேன். அதில் எனக்கு இப்போது பழக்கம் வந்துவிட்டது. கடைசியில் போன் வந்த பிறகு நான் பக்கத்தைத் திறந்து பார்த்ததையும், மூடியதையும் சொன்னேன்.

பாவாயி கையில் காப்பிப் பொடி டப்பா இருந்தது. மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

“மறக்கலீங்களா?”

“இல்லீங்க.”

“தெரிஞ்சேதான் விட்டீங்களா?”

“ஆமாங்க.”

செங்கோடன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆரு மேல கோவம்?” என்று கேட்டார். மூச்சு வாங்கி வாங்கித்தான் கேட்டார். “எம்மேலயா?”

“உங்க மேல இல்லீங்க.”

“அப்புறம்?”

நான் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தேன்.

பாவாயி டப்பாவை அலமாரியில் வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை என்னோடு வந்தார்.

“வந்து சொன்னது சரிங்க. சொல்லாமயே இருந்திருந்தா நான் உங்களத்தான் இன்னும் கேட்டுட்டு இருந்திருப்பேன்.” கதவில் கை வைத்தார். “இனி எங்க ஊட்டுக்கு வராதீங்க.”

சரிங்க என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.

இவருடைய பஸ் அந்தியூர் போய்த் திரும்பி வந்தது. ஏறினேன். கூட்டம் இல்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டார். வர வேண்டாம் என்றார்கள் என்றேன். தலையை ஆட்டினார். டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.